இதர கருத்துகள் என்ற இடத்தில் நான் எழுதியது

காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவன் நான். ஐந்தாவது மாதத்தில், சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் நான் எழுதியதால், தாராவியில் பன்னிரண்டு வருடமாகச் சந்து சந்தாக நடந்து நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்துவந்த ஒரு பெண்ணை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். நான் எழுதியதில் பொய் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அது அநியாயம். இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

எனக்கு எழுபத்தோரு வயது. பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. ஒரு கப்பல் கம்பெனியின் கடிதப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் உத்தியோகம். யாருக்கு என்ன புகார் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். எங்கே வலிக்குமோ அங்கே தொடுகிற மாதிரி, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இப்போது செம்பூரில் மகன், மருமகள், மூன்று வயதுப் பேத்தியோடு சொசைட்டி என்று சொல்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன். மனைவி இல்லை. மாட்டுங்காவில் அப்பா காலத்து வாடகை அறை ஒன்று இன்னும் எங்கள் பேரில் இருந்தது. சாவி என்னிடம். பகலில் அங்கே போய் ஜன்னலைத் திறந்துவைத்துப் பேப்பர் படித்துவிட்டு வருவது என் வழக்கம்.

பிப்ரவரியில் இருமல் வந்தது. போகவில்லை. மாலையில் உடம்பு லேசாகக் காய்ந்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. அப்போதும் ராத்திரிச் சாப்பாட்டில் பேத்தி என் மடியில்தான். நான் பிசைந்த தயிர்சாதத்தில் கடைசி நாலு வாய் அவளுக்கு. அவளுக்கு நான் ஊட்டினால்தான் இறங்கும் என்று பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் மாதிரிக் குடும்பங்களில் அந்த வியாதியின் பேரைச் சொல்ல மாட்டார்கள். என் அத்தை ஒருத்திக்கு வந்தபோது நெஞ்சுச் சளி என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். அது எனக்கு நினைவிருந்தது. மாட்டுங்காவில் டாக்டரிடம் போனால் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். செம்பூரில் போனால் சொசைட்டிக்குத் தெரியும். அதனால் மே மாதம் தாராவிக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வியாதியை அங்கே வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. படித்தவன் யோசனை இவ்வளவுதான்.

சளியைச் சோதித்தார்கள். இருந்தது. மாநகராட்சி மருந்தகத்துக்கு மேலே ஓர் அறை. அதுதான் மருந்து கொடுக்கிற மையம். நீளமாக ஒரு பெஞ்சு, எடை பார்க்கும் கருவி, மழையிலும் மூடக் கூடாது என்று எழுதி ஒட்டிய ஜன்னல்கள். அங்கே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் கையில்லாத ஒரு கோட்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. முகவரி மாட்டுங்கா என்றதும் அங்கிருந்த டாக்டர் என்னை அந்தப் பகுதி மையத்துக்கே அனுப்பப் பார்த்தார். நான் தயங்கியதைக் கண்டு அந்தப் பெண்தான், வயசான தமிழாள், தாமே பார்த்துக்கொள்வதாக இந்தியில் வாதாடி என்னை வைத்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஐயா, வீட்ல யாரெல்லாம் இருக்காவ?"

"யாரும் இல்லம்மா. தனியாத்தான் இருக்கேன்."

"பிள்ளைய?"

"ஒரு பையன். அமெரிக்காவுல."

"சின்னப் பிள்ளைய எதுவும் வந்து போவுமா? அஞ்சு வயசுக்குள்ள?"

"இல்ல."

"கேக்கணும்னு ரூல்ஸுய்யா. தப்பா நெனைக்காதிய. வீட்டுக்கும் ஒரு நாள் வந்து பாக்கணும்."

"எதுக்கும்மா உனக்கு அலைச்சல்? ஒரு ரூம்ல நான் ஒருத்தன். வந்து எதைப் பாக்கப்போற?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையில் பேனா, கையில் பேப்பர், தேய்த்த சட்டை. சிரித்துவிட்டார். "சரிதான். வாத்தியார் கணக்கா இருக்கிய. நீங்க பொய்யா சொல்லப்போறிய?" என்று பதிவேட்டில் ஏதோ எழுதி மூடினார்.

இரண்டே நிமிடத்தில் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பி, பேத்தியை இல்லாமல் ஆக்கிவிட்டேன். வெளியே வந்து மூச்சு விட்டபோது, எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

வாரம் ஒருமுறை மையத்தில் வாங்கும் மாத்திரை அட்டைகளை மாட்டுங்கா அறையில் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் ரயிலில் குர்லா போய், வண்டி மாறி மாட்டுங்காவில் இறங்கி, அறையைத் திறந்து மாத்திரை விழுங்குவேன். அட்டையில் மாத்திரையை அழுத்தி எடுத்தால் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இன்று சாப்பிட்டாயிற்று என்று அவருடைய போனில் தெரிந்துவிடும். பதினொரு மணிக்கு மேல் தாமதமானால் அவரே கூப்பிடுவார்.

"ஐயா, காலு வரலியே?"

"போட்டுண்டுட்டேம்மா. மறந்துட்டேன்."

"போட்டியளா, இல்ல போட்டேன்னு சொல்லுதியளா?"

"போட்டேன், போட்டேன்."

"மூத்திரம் செவப்பா போவும். கலரப் பாத்துட்டுப் பாதிப் பேரு மருந்தத் தூக்கிப் போட்டுருதான். நீங்க படிச்சவிய, அப்பிடிப் பண்ண மாட்டிய. ஆனாலும் சொல்லிட்டேன்."

முதல் மூன்று வாரம் குமட்டல் தாங்க முடியவில்லை. ஒருநாள் மையத்துப் பெஞ்சிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சட்டை, பேண்ட், கண்ணாடி எல்லாம் பாழ். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளிப்போனார்கள். நான் அவமானத்தில் தலை குனிந்திருந்தேன். அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவினார். என் கண்ணாடியைக் கழற்றிக் குழாயில் கழுவித் தம் முந்தானையில் துடைத்து மறுபடி என் மூக்கில் மாட்டிவிட்டார். "இப்ப என்னயத் தெரியுதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவி போன பிறகு என் முகத்தருகே கையைக் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். இதை நான் அந்தப் படிவத்தில் எழுதவில்லை.

ஜூலையில் அந்த மழை வந்தது. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். மூன்று நாள் வண்டி ஓடவில்லை. மாத்திரை மாட்டுங்காவில், நான் செம்பூரில். பஸ்ஸிலோ டாக்ஸியிலோ முயன்று பார்த்திருக்கலாம். ஆனால் இந்த மழையில் மாட்டுங்காவுக்கு என்ன அவசரம் என்று மகன் கேட்பான். பதில் கிடையாது. சும்மா இருந்தேன். அவருடைய போன் வந்தபோது பக்கத்தில் மருமகள் இருந்ததால் எடுக்கவில்லை. பிறகும் கூப்பிடவில்லை. போனை ஊமையாக்கி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் எங்கள் சொசைட்டி வாசலில் அவர் வந்து நின்றார்.

பிறகு எனக்குத் தெரிந்தது இது. மிஸ்டு கால் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றதும், கிழவர் தனியறையில் விழுந்து கிடக்கிறார் என்று பயந்து முழங்கால் தண்ணீரில் மாட்டுங்கா அறைக்குப் போயிருக்கிறார். பூட்டு. பக்கத்து அறைக்காரர், "அவர் இங்கே எங்கே இருக்கார்? பகல்ல வருவார், போவார். செம்பூர்ல மகன் வீட்ல இருக்கார், சின்னப் பேத்தி இருக்கே" என்று முகவரியும் கொடுத்துவிட்டார். அங்கிருந்து பாதி பஸ், பாதி நடை. பையில் எனக்கு மாத்திரை.

எங்கள் காவலாளி அவரை வீட்டு வேலை தேடி வந்தவர் என்று நினைத்திருக்கிறான். சொசைட்டியில் வேலைக்காரர்களுக்கு நேரம் உண்டு, லிஃப்டும் தனி. மதியம் விடமாட்டேன் என்று நிறுத்தினான். மருந்து கொடுக்க வந்தேன் என்றார். மருந்துக் கடையிலிருந்தா, சீட்டு எங்கே என்றான். வாதாடி அலுத்து, கடைசியில் அவர் சொல்லிவிட்டார்: டிபி மாத்திரை, சர்க்கார் மருந்து, தாமதிக்கக் கூடாது. அவன் வருகைப் பதிவேட்டில், வந்த காரணம் என்ற கட்டத்தில், என் வீட்டு எண்ணுக்கு நேராக அதை அப்படியே எழுதினான். அன்று மாலை பால்காரன் முதல் மூன்றாம் மாடி மார்வாடி வரை கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

கதவைத் திறந்தது மருமகள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேத்தி மடியில். நனைந்த செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். உயிரோடு இருக்கிறேனே என்ற சிரிப்பு. அப்புறம் குழந்தையைப் பார்த்தார். குழந்தை வாயில் நான் ஊட்டிய சோறு.

"ஐயா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "தனியா இருக்கேன்னுல்லா சொன்னிய?"

பேத்தியின் வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் துடைத்தேன்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"மூணு முடிஞ்சிருக்கு. நீங்க யாரு?" என்றாள் மருமகள்.

அவர் என்னைத்தான் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்பது போல. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே மருமகளைத் தனியாக அடுக்களைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். நான் கேட்டது ஓரிரு வார்த்தைதான். "பயப்படாதிய." "இப்ப பரவாது. ரெண்டு மாசமா மருந்து எடுக்காவ." "அதுக்கு முன்னாலதான்..." "நாளைக்கே பிள்ளைய எக்ஸ்ரே எடுத்துருவோம். நான் கூட வாரேன்."

மருமகள் வந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். கோபமாக இல்லை, ரொம்ப மெதுவாகத்தான். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை. குழந்தை இன்னும் ஒரு வாய் வேண்டும் என்று அழுதது.

குழந்தைக்கு நோய் வரவில்லை. ஆனால் வராமலிருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார் செம்பூரில் குழந்தை டாக்டர். மகன் ஒரே ஒரு தடவை கேட்டான்: "என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா? பாப்பாவ மடியில வெச்சுண்டு இப்படிப் பண்ணுவாளா யாராவது?" மருமகள் குழந்தையோடு டோம்பிவிலியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு மாதம் வரவில்லை. சொசைட்டியில் லிஃப்டுக்குள் நான் நுழைந்தால் சிலருக்குப் படிக்கட்டு பிடித்துப்போயிற்று.

இத்தனைக்கும் காரணம் நான். ஆனால் எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண் வராமலிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று தோன்றியது. அந்த நாள்களிலும் அவர் டோம்பிவிலிக்குப் போன் செய்து, குழந்தை மாத்திரையைத் துப்புகிறதா, எப்படிக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று மருமகளிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் தினமும் கூப்பிட்டார். நான் "ம்" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

செப்டம்பரில் ஒரு நாள் மையத்தில் வெளியாள் ஒரு பெண் படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் இந்தியில் கேள்வியைப் படித்துக் காட்டினாள். காத்திருக்கும் நேரம் திருப்தியா? மருந்து கிடைப்பது திருப்தியா? ஊழியர்கள் நடத்தும் விதம் திருப்தியா? எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் பதில் சொன்னார்கள்: "அச்சா ஹை. சப் அச்சா ஹை." எனக்குப் பக்கத்தில் இருந்த தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் தமிழில் என் காதோடு கேட்டார்: "ஐயா, கொற சொன்னா மாத்திரைய நிப்பாட்டிருவானுவளோ?"

"அப்படியெல்லாம் இல்ல. பேர் எழுத வேண்டாம்னு போட்டிருக்கு."

"பேரு இல்லாட்டி என்ன, மூஞ்சி இருக்குல்லா? நமக்கெதுக்கு. எல்லாம் நல்லாருக்குன்னே சொல்லிருதேன்."

என் முறை வந்தபோது, நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று படிவத்தை வாங்கினேன். கடைசியில் இதர கருத்துகள் என்று மூன்று கோடு போட்டிருந்தது. போதவில்லை. தனித்தாள் கேட்டு வாங்கினேன்.

ஆங்கிலத்தில் எழுதினேன். ஐந்து அம்சங்கள், வரிசை எண்ணோடு. முன் அறிவிப்பும் அனுமதியும் இன்றி ஊழியர் ஒரு குடியிருப்புக்குச் சென்றது. காவலாளியிடம் நோயின் பெயரை வெளியிட்டது. அதனால் அது எழுத்தில் பதிவாகி அண்டை அயலார் அறிய நேர்ந்தது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் குடும்பத்தினரிடம் விவரம் தெரிவித்தது. இவற்றால் ஒரு மூத்த குடிமகனின் கண்ணியத்துக்கு ஊறு நேர்ந்தது. ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஊழியரின் உழைப்பைப் பாராட்டக்கூட ஒரு வாக்கியம் சேர்த்தேன். அப்போதுதான் மற்றவை நம்பப்படும் என்று எனக்குத் தெரியும். அவர் எதற்காக வந்தார் என்பதை மட்டும் எழுதவில்லை. அவர் நாலடி தூரத்தில் ஒரு பாட்டியம்மாவை எடை பார்க்கும் கருவியில் ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். எழுதி முடித்து மடித்துக் கொடுத்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

அக்டோபர் நடுவில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மராத்திக்கார இளைஞர், நல்லவர்தான். "பழைய மேடமை விக்ரோலிக்கு மாற்றிவிட்டார்கள். ஏதோ கம்ப்ளெய்ன்ட்" என்றார். என்ன கம்ப்ளெய்ன்ட் என்று எனக்குத் தெரியும். மாத்திரையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நவம்பரில் கடைசிச் சோதனை. சுத்தம். டாக்டர் கைகுலுக்கினார். "அந்தக் கடிதம் நீங்கள் எழுதியதுதானே? மேலிடத்துக் கூட்டத்தில் வாசித்தார்கள். எல்லோரும் டிக் மட்டும் போடுகிறார்கள். ஒருவர்தான் நிஜமாகக் கருத்துச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். என்ன ஆங்கிலம்!" என்றார். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குப் பெருமையாக இருந்தது. படி இறங்கும்போதுதான் விக்ரோலி நினைவுக்கு வந்தது.

அதே வாரம் மருமகள், குழந்தை மாத்திரை போட்டுக்கொள்ளும் படம் ஒன்றை யாருக்கோ போனில் அனுப்பிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றேன். "அந்த அக்காவுக்குத்தான். இப்ப அவங்க சென்டர் இல்ல, ஆனா தெனமும் கேப்பாங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றாள். பேத்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில், பேத்தியின் மருந்து முடிந்த மறுநாள், விக்ரோலிக்குப் போனேன். மேற்குப் பக்கம், மலைச் சரிவில் ஏறும் வீடுகளுக்குக் கீழே ஒரு சுகாதார மையம். அவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஐயா! என்ன இங்கன? திரும்ப இருமலா?"

"இல்லம்மா. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னயவா? பிள்ள நல்லாருக்கால்லா?"

"நன்னா இருக்கா. நேத்தோட முடிஞ்சது."

"தெரியும். போட்டோ வந்துச்சு." முகம் தெளிந்தது. "எனக்கு மேல ரெண்டு வீடு இருக்கு. பேசிக்கிட்டே நடப்பமா? படி ஏறுவியளா?"

ஏறினோம். அவருக்காக நான் வேகமாக நடக்க முயன்றேன். எனக்காக அவர் மெதுவாக நடந்தார். பத்துப் படி ஏறியதும் நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டேன். அந்தப் புகாரை எழுதியது நான்தான் என்றேன். இத்தனை நாள் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போய், அவ்வளவுதான் வாயில் வந்தது.

"தெரியும்யா" என்றார்.

"தெரியுமா?"

"மீட்டிங்ல வாசிச்சாவ. பாதி வெளங்கல. செம்பூரு, வாட்ச்மேனுன்னு வந்ததும் வெளங்கிட்டு. அம்புட்டு இங்கிலீசு நம்ம சென்டர்ல வேற எவனுக்கு வருது? மத்தவனெல்லாம் அச்சா ஹைதான்."

"ஏம்மா நீ ஒண்ணும் சொல்லல? குழந்தை இருக்கறத நான் மறைச்சேன், மூணு நாளா போனும் எடுக்கல, அதனாலதான் வந்தேன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எப்பிடிச் சொல்லுவேன்? வீட்டுக்குப் போய்ப் பாத்தாச்சு, தனி ஆளு, பிள்ளைய கிடையாதுன்னு ரிஜிஸ்தர்ல எழுதுனது யாரு? நாந்தான? போவவே இல்லியே நான். அதச் சொன்னா எடமாத்தம் இல்ல, வேலையே போயிரும்."

"போகாம ஏன் எழுதின?"

"நீங்க சொன்னிய. வேற எவன் சொல்லிருந்தாலும் போயிப் பாத்துருப்பேன். குடிகாரன், ரவுடி, எவன் வீட்டுக்கும் போவாம விட்டதில்ல. நீங்க சொன்னியன்னு விட்டேன். அது என் தப்புத்தான்யா. அந்தப் பிள்ள வாய்ல சோத்தப் பாத்தம்லா, அன்னைலருந்து ஒரு வாரம் எனக்கு உறக்கம் இல்ல."

என் பொய்யை நம்பியது தம் குற்றம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலதிகாரிக்கு உண்மையெல்லாம் எழுதித் தருகிறேன், உன்னைத் திரும்பத் தாராவிக்கே போடச் சொல்கிறேன் என்றேன்.

"ஐயோ, சாமி! நீங்க எழுதுனது போதும்" என்று இரண்டு கையையும் கூப்பினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிராதிய. உங்க உண்மை வெளிய வந்தா கூடவே என்னோடதும் வரும்லா?"

வாழ்நாள் முழுவதும் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவருக்கு அதை நான் செய்ய முடியாது. அவர் சம்மதித்துத்தான் இப்போது இதை எழுதுகிறேன், அதுவும் ஊர்களையும் சில அடையாளங்களையும் மாற்றி, ஊழியர் யார், மையம் எது என்று தெரியாதபடி.

"கோபமே வரலையா உனக்கு?"

"வராம? நல்லா வந்துச்சு. தாராவியில வீட்லருந்து அஞ்சு நிமிசம். எந்தச் சந்துல எந்த நாயி கடிக்கும்னு எனக்குத் தெரியும். இங்க ரயிலப் புடிச்சு வந்து, மலை ஏறி... ஒரு மாசம் உங்க பேர நெனைச்சாலே ஏசுவேன்."

"என்னன்னு?"

"அதெல்லாம் பெரியவிய கேக்கப்படாது."

தாராவியில் அவர் விட்டுவந்த நோயாளிகளில் ஒருவன் புது ஆளிடம் மாத்திரை வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டானாம். "நான் ஏசுனாத்தான் முழுங்குவான். அப்பிடி ஒரு சென்மம்." ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அவனை ஏசிவிட்டு வருகிறார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மேலே ஒரு தகரக் கதவு வீட்டின் முன் நின்றார். வாசற்படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மராத்திப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எதிரே பொதுக்குழாயில் நாலைந்து பேர் குடத்தோடு நின்றார்கள்.

அவர் என்னை நாலு படி கீழேயே நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பத்து நாளா மாத்திரை எடுக்கா. கொமட்டுதுன்னு நேத்துலருந்து வேண்டாங்கா. பொழைக்கவா போறேன், வுட்டுருன்னு அழுதா. ஐயா..." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு இருந்துச்சு, சரியாப் போச்சுன்னு அவகிட்ட நான் சொல்லலாமா? வேண்டாம்னா வேண்டாம். நீங்க சும்மா துணைக்கு வந்த ஆளுன்னு சொல்லிருதேன்."

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. என் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அப்படியே விட்டிருப்பார்.

"நானே சொல்றேன்" என்றேன்.

படியேறி அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். என் இந்தி ஆபீஸ் இந்தி. குழாயடியில் பேச்சு நின்றது எனக்குக் காதில் விழுந்தது.

"எனக்கு டிபி இருந்தது" என்றேன். "இந்த அம்மாதான் மருந்து கொடுத்தார்."

"வந்தப்போ நாப்பத்தொம்பதரை கிலோ" என்றார் அவர் பின்னாலிருந்து, எந்தக் காகிதத்தையும் பார்க்காமல். "இப்ப எத்தனய்யா?"

"அம்பத்தெட்டு."

மராத்திப் பெண் என் முகத்தையும் வயிற்றையும் காலையும் மெதுவாகப் பார்த்தாள். நம்பவில்லை என்று நினைத்தேன். கடைசியில், எத்தனை நாள் குமட்டியது என்று கேட்டாள்.

மூன்று வாரம் என்றேன். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் பெஞ்சிலேயே வாந்தி எடுத்தேன் என்றேன். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, படியில் எனக்கு உட்கார இடம் விட்டாள்.